அளந்து பார்க்காமல் சென்சரை மாற்றாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற கிழமை உங்கள் வாசகர் பக்கத்தில் கார் பராமரிப்பைப் பற்றி ஒருவர் எழுதியிருந்ததைப் படித்தேன். இப்போதுள்ள கார்கள் எல்லாம் கம்ப்யூட்டரில் ஓடுகின்றன, ஆகவே எஞ்சினின் சூடு, காற்று போன்றவற்றை அளந்து அந்தக் கம்ப்யூட்டருக்குச் சொல்லும் சென்சர்களில் வீட்டில் யாரும் கைவைக்கக் கூடாது, எஞ்சினில் ஏதோ பிழை என்று காட்டும் செக் எஞ்சின் விளக்கு எரிந்தால் பேசாமல் காராஜில் கொண்டுபோய் விட்டுவிட வேண்டும் என்பது அவருடைய கருத்து. நல்லெண்ணத்தில்தான் எழுதியிருக்கிறார். ஆனால் அதே எண்ணத்தில் இருந்து 2022-ல் நான் 72,000 ரூபாவை இழந்தேன், கடைசியில் என் காரில் என்ன பிழை என்று காட்டித் தந்தது ஒரு கேத்தல் சுடுதண்ணீரும், மின்தடையும் வோல்ட்டும் அளக்கும் ஒரு மல்டிமீற்றரும்தான். அதனால் எழுதாமல் இருக்க முடியவில்லை. கொஞ்சம் நீளமாகப் போய்விட்டது. இடம் போதாவிட்டால் வெட்டுங்கள், அளக்கிற பகுதியை மட்டும் தயவுசெய்து வெட்டாதீர்கள்.

நான் வெள்ளவத்தையில் இருக்கிறேன், ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் வேலை. கணவர் காலமான பிறகு அவர் ஓடிய 2003 டொயோட்டா கொரோலாவை, எல்லோரும் 121 என்று சொல்வார்களே அந்தக் காரை, நான்தான் ஓடுகிறேன். அதை விற்றுவிட்டு வேறு எடுக்கலாம் என்று நினைத்த நேரத்தில்தான் 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். தனியார் கார்களுக்கு அது திரும்பத் திறந்தது 2025 பெப்ரவரியில். இடையில் போன ஐந்து வருடமும் இந்த ஊரில் பழைய கார் வைத்திருந்தவர்கள் எல்லோரும் அதையே கட்டிக் காப்பாற்ற வேண்டி வந்தது, இப்போதும் விலை இருக்கிற இருப்பில் எங்களைப் போன்ற சம்பளக்காரருக்குப் பழைய காரே கதி. ஆகவே இது என் ஒருத்தியின் கதை இல்லை.

2022 ஓகஸ்ட். தட்டுப்பாட்டில் பெற்றோலைப் பங்கிட்டுக் கொடுக்கும் கியூஆர் முறை வந்த புதிது. காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர், 92 ஒக்டேன் பெற்றோல் லீற்றர் 450 ரூபா. மகனைப் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிட்டு கோட்டைக்கு வேலைக்குப் போய்வர எனக்கு 20 லீற்றர் கிழமை முழுக்கத் தாராளமாகப் போதும். அந்த மாதம் கிழமையின் நாலாம் நாளே பெற்றோல் முள் கீழே வந்துவிட்டது. முதலில் யாரோ இரவில் பெற்றோல் எடுக்கிறார்கள் என்றுதான் சந்தேகப்பட்டேன், அந்த நேரத்தில் எல்லோருக்கும் அந்தப் பயம் இருந்தது. பிறகு பார்த்தால் புகைக்குழாய் வாயில் கறுப்புக் கரி படிந்திருக்கிறது, சிக்னலில் நிற்கும்போது பெற்றோல் வாசம் அடிக்கிறது, எஞ்சின் நடுங்குகிறது, செக் எஞ்சின் விளக்கும் எரிகிறது.

காராஜுக்குக் கொண்டுபோனேன். பெயர் வேண்டாம். காரின் கம்ப்யூட்டர் பதிந்து வைத்திருக்கும் பிழை நம்பர்களை வாசிக்கும் பெரிய ஸ்கேனர் ஒன்றைப் பூட்டிப் பார்த்துவிட்டு, “நோனா, ஒக்சிஜன் சென்சர் போயிட்டுது” என்றார்கள். 38,000 ரூபா கொடுத்து மாற்றினேன். விளக்கு இரண்டு நாள் அணைந்திருந்தது, மூன்றாம் நாள் திரும்ப வந்தது. திரும்பப் போனேன். இந்தமுறை எஞ்சினுக்குள் போகும் காற்றை அளக்கும் எயார் ஃப்ளோ சென்சர் என்றார்கள், அதற்கு 34,000. பெற்றோல் முன்பு மாதிரியே போய்க்கொண்டிருந்தது. மூன்றாவது தடவை போனபோது, அப்படியென்றால் கம்ப்யூட்டர் பெட்டியே பழுதாகியிருக்கும், ஒரு லட்சத்துக்கு மேல் வரும், யோசித்துச் சொல்லுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். பழைய சென்சர்கள் இரண்டையும் கேட்டேன், எறிந்துவிட்டோம் என்றார்கள். பில்லில் “சென்சர் 1” என்று மட்டும் எழுதியிருந்தது.

எங்கள் தொடர்மாடியில் கீழ் வீட்டில் ஒரு ஐயா இருக்கிறார், இலங்கைப் போக்குவரத்துச் சபையின் வேரஹெர வேலைத்தளத்தில் நீண்ட காலம் வேலை செய்து ஓய்வு பெற்றவர். நான் காரின் பொனட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்பதைப் பார்த்து வந்தார். நடந்ததைச் சொன்னேன். ஸ்கேனரில் என்ன நம்பர் வந்தது என்று கேட்டார். நல்லவேளை, முதல் நாள் அந்தத் திரையை மகன் போனில் படம் எடுத்து வைத்திருந்தான். பி0172. அவர் அதைப் பார்த்துவிட்டு, “பிள்ளை, இதிலே சென்சர் பழுதென்று எங்கே இருக்கிறது? பெற்றோல் கூடிப்போச்சு என்றுதானே இருக்கிறது” என்றார்.

எனக்கு எல்லாம் விளங்க ஆரம்பித்தது அந்த ஒரு கேள்வியில்தான், அதனால் அதை வடிவாக எழுதுகிறேன். பி0172 என்றால் எஞ்சினுக்குள் போகும் கலவையில் காற்றுக்கு ஏற்ற அளவைவிடப் பெற்றோல் கூட இருக்கிறது என்று பொருள். அதைக் கண்டுபிடித்துச் சொன்னது ஒக்சிஜன் சென்சர். புகைக்குழாயில் எவ்வளவு ஒக்சிஜன் மிச்சம் இருக்கிறது என்று பார்த்துச் சொல்வது அதன் வேலை, அது தன் வேலையைச் சரியாகச் செய்திருக்கிறது. உண்மையைச் சொன்ன அந்தச் சென்சரைத்தான் 38,000 ரூபா கொடுத்து முதலில் கழற்றி எறிந்தோம். பெற்றோலைக் கூட ஊற்று என்று சொன்னது யார் என்று ஒருவரும் தேடவில்லை.

ஐயா கேட்ட அடுத்த கேள்வி, “எஞ்சின் எவ்வளவு சூடு என்று கம்ப்யூட்டருக்கு யார் சொல்கிறது?”

அந்தக் காலத்து மொரிஸ் மைனர் ஓடியவர்களுக்கு இது உடனே விளங்கும். காலையில் சோக்கை இழுத்துவிட்டு ஸ்டார்ட் பண்ணுவார்கள், எஞ்சின் சூடானதும் அதைத் திரும்பத் தள்ளிவிட வேண்டும், மறந்துபோனால் கரும்புகையும் பெற்றோல் செலவும்தான். இன்றைய காரில் அந்தச் சோக்கை இழுப்பதும் தள்ளுவதும் கம்ப்யூட்டர். அது தண்ணீர்ச் சூட்டுச் சென்சர் சொல்வதை நம்பித்தான் இதைச் செய்கிறது. ரேடியேற்றர் தண்ணீர் எஞ்சினுக்குள் ஓடும் இடத்தில் திருகியிருக்கும் பெருவிரல் அளவு சாமான் அது. எஞ்சின் கொதித்துக்கொண்டிருக்கும்போது அது “இன்னும் குளிர்தான்” என்று சொன்னால், கம்ப்யூட்டர் பெற்றோலை ஊற்றிக்கொண்டே இருக்கும்.

அப்படியென்றால் அந்தச் சென்சருக்குரிய கோட், அதாவது பிழை நம்பர், ஏன் வரவில்லை என்று நானும் கேட்டேன். வயர் அறுந்தாலோ ஷோர்ட் ஆனாலோ கம்ப்யூட்டருக்குத் தெரிந்துவிடும், பி0118 அல்லது பி0117 என்று கோட் வரும், கம்ப்யூட்டரும் தானாக ஒரு சூட்டை வைத்துக்கொண்டு சமாளிக்கும். ஆனால் சென்சர் 40 பாகை என்று ஒரு நம்பத்தக்க பொய்யைச் சொன்னால், அது பொய் என்று அதற்கு எப்படித் தெரியும்? காலையில் எடுத்த காரில் தண்ணீர் 40 பாகையில் இருப்பது நடக்கிற விஷயம்தானே.

சரி, அளந்த கதைக்கு வருகிறேன். இரவு முழுக்க எஞ்சினை ஆறவிட்டு காலையில் தொடங்கினோம். சூடான எஞ்சினில் ரேடியேற்றர் மூடியையோ இந்தச் சென்சரையோ ஒருநாளும் திறக்கக் கூடாது, கொதிநீர் பீறிட்டு முகத்தில் அடிக்கும், இதை யாரும் லேசாக எடுக்க வேண்டாம். பற்றரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றி ஒதுக்கி வைத்தோம். ரேடியேற்றர் மூடியைத் திறந்து அழுத்தத்தை விட்டோம். காற்று வரும் குழாயைக் கழற்றினால்தான் சென்சருக்குக் கை போகிறது. வயர் வந்து பூட்டும் அதன் சொக்கெட்டில் ஒரு சின்ன நாக்கு இருக்கும், அதை அழுத்திக்கொண்டு சொக்கெட்டைப் பிடித்து இழுக்க வேண்டும், வயரைப் பிடித்து இழுத்தால் உள்ளே கம்பி விட்டுப்போகும். 20 வருடப் பிளாஸ்ற்றிக் பிஸ்கட் மாதிரி உடையும், ஆறுதலாகச் செய்ய வேண்டிய இடம் இதுதான். 19 மில்லிமீற்றர் அளவுள்ள, குழல் நீண்ட சொக்கெட் ஸ்பனரால் சென்சரைக் கழற்றினோம், எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்ட் திரவம் கொஞ்சம் வழியும், கீழே ஒரு தட்டு வைத்துப் பிடித்தோம். அதைத் தரையில் விடாதீர்கள், இனிப்புச் சுவை இருப்பதால் பூனையும் நாயும் நக்கும், அது அவற்றுக்குக் கொடிய விஷம்.

பிறகு குசினி. ஒரு எவர்சில்வர் கோப்பை, பாலின் சூடு பார்க்கிற தெர்மாமீற்றர் ஒன்று, கேத்தல். மல்டிமீற்றரை மின்தடை அளக்கும் ஓமில் வைத்து சென்சரின் இரண்டு முனைகளிலும் பிடித்தோம், செம்பு நிற நுனி மட்டும் தண்ணீரில் இருந்தது. டொயோட்டாவில் இந்தச் சென்சர் 20 பாகையில் 2,000 முதல் 3,000 ஓம் வரை காட்ட வேண்டும், 80 பாகையில் 200 முதல் 400 ஓம் வரை. சூடு ஏற ஏற ஓம் இறங்கும். எங்கள் குழாய்த் தண்ணீரில், கொழும்பில் அது 28 பாகை இருக்கும், 2,600 காட்டியது. 1,800 அளவில் இருந்திருக்க வேண்டும், ஆனால் பார்த்தவுடன் பிழை என்று சொல்லும்படி இல்லை. கேத்தல் தண்ணீரை ஊற்றி 80 பாகைக்கு வரும்வரை காத்திருந்து பார்த்தோம். 1,100. முந்நூறு சொச்சம் காட்ட வேண்டிய இடத்தில் 1,100 ஓம்! அது ஏறக்குறைய 40 பாகைக்குரிய எண். மகன் அந்த எண்ணை மூன்று தடவை திருப்பித் திருப்பி அளந்தான், அப்படியேதான் வந்தது. 72,000 ரூபாவும் மூன்று மாதப் பதற்றமும் அந்த மீற்றரின் சின்னத் திரையில் தெரிந்தது போல இருந்தது எனக்கு, அங்கேயே அழுதுவிட்டேன்.

அன்று மத்தியானமே வாகன உதிரிப்பாகக் கடைகள் உள்ள பஞ்சிகாவத்தைக்குப் போனேன். தனியாகப் போய்ச் சாமான் வாங்கியது அதுதான் முதல் தடவை. ஐயா சொல்லி அனுப்பியபடி பழைய சென்சரையும் மல்டிமீற்றரையும் கைப்பையில் கொண்டுபோனேன். 89422 என்று தொடங்கும் நம்பர் அதன் உடம்பிலேயே இருந்தது. கடைக்காரத் தம்பி எடுத்துத் தந்ததை கவுண்டரில் வைத்தே அளந்து பார்க்கலாமா என்று கேட்டேன், ஒரு மறுப்பும் சொல்லவில்லை, தானே பிடித்துக் காட்டினார். மின்சாமான்களைப் பெரும்பாலும் திருப்பி எடுக்க மாட்டார்கள், ஆகவே காசு கொடுக்க முன் அளப்பது நல்லது. காராஜில் ஒரு சென்சருக்கு வாங்கியதில் கால்வாசி விலைகூட வரவில்லை.

பூட்டுவது கழற்றியதைவிடச் சுலபம். புது வாஷரைப் போட்டு, முதலில் கையால் திருகி, பிறகு ஸ்பனரால் அளவாக இறுக்க வேண்டும். அலுமினிய எஞ்சினில் பலம் காட்டினால் புரி போய்விடும், அப்புறம் அது சென்சர் வேலை இல்லை, பெரிய வேலை. சொக்கெட்டின் உள்ளே பார்த்தால் செம்பு முனைகளில் பச்சை படிந்திருந்தது, அதைக் கொன்டாக்ட் கிளீனரால் கழுவினோம். மரைன் டிரைவ் பக்கம் கார் நிறுத்துகிறவர்கள் இதைக் கவனியுங்கள், எங்களுக்குக் கடல் உப்புக்காற்று வருடம் முழுக்க எஞ்சின் பெட்டிக்குள் போகிறது. சென்சர் நல்லதாக இருந்தும் இந்தப் பச்சை மட்டுமே அதே பொய்யைச் சொல்ல வைக்கும். 2016 மே வெள்ளத்தில் கொலன்னாவை, வெல்லம்பிட்டிப் பக்கம் நனைந்த கார்களில் பிறகு எவ்வளவு காலத்துக்கு இந்தத் தொல்லை இருந்தது என்று ஐயா சொன்னார்.

வழிந்த கூலன்டை நிரப்பி, மூடி திறந்தபடியே எஞ்சினை ஓடவிட்டுக் காற்றுக் குமிழிகள் வெளியேறும்வரை நின்றோம். பற்றரி கழற்றியதால் முதல் நாள் ஐடில், அதாவது கார் நிற்கும்போது எஞ்சின் ஓடும் வேகம், கொஞ்சம் ஏறி இறங்கியது, அது தானாகப் பழகிச் சரியாகிவிடும், பயப்பட வேண்டாம். அடுத்த கிழமை 20 லீற்றரில் ஐந்து லீற்றர் மிச்சம். வாசமும் நடுக்கமும் போய்விட்டன. காரின் வருடாந்த வருமான அனுமதிப்பத்திரம் புதுப்பிக்கப் புகைப் பரிசோதனைக்குப் போனபோது காபன் மொனொக்சைட் அளவு பிரச்சினை இல்லாமல் பாஸ் ஆனது. பெற்றோல் கூடப் போகும் எஞ்சின் முதலில் விழுவது அந்த அளவில்தான், அங்கே விழுந்தவர்களிடமும் காராஜில் சொல்வது “ஒக்சிஜன் சென்சரை மாற்றுங்கள்” என்பதுதான்.

இதில் என்னை இன்றும் கோபப்படுத்துவது ஒன்று. அந்தக் காராஜில் இருந்த ஸ்கேனரால் கோட் மட்டுமா பார்க்கலாம்? எஞ்சின் ஓடும்போதே ஒவ்வொரு சென்சரும் என்ன சொல்கிறது என்பதை அதே திரையில் பார்க்கலாம். காலையில் ஸ்டார்ட் பண்ண முன் தண்ணீர்ச் சூடும் உள்ளே வரும் காற்றின் சூடும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும், கொழும்பில் 28, 30. கால் மணித்தியாலம் ஓடிய பிறகு தண்ணீர் 85-க்கு மேல் வர வேண்டும். இரண்டு நிமிட வேலை. என் காரில் 40 என்று அங்கேயே தெரிந்திருக்கும். காரில் பூட்டிப் போனில் பார்க்கக்கூடிய மலிவான ஈஎல்எம்327 அடப்டர் ஒன்றை மகன் பிறகு வாங்கினான், அதிலேயே இதெல்லாம் தெரிகிறது. சில பழைய ஜப்பான் கார்களில் அந்த அடப்டர் வேலை செய்யாது, வாங்க முன் உங்கள் காரில் பூட்டிப் பாருங்கள்.

மற்றச் சென்சர்களைப் பற்றியும் சொல்கிறேன், ஏனென்றால் இது தெரிந்த பிறகு உறவுக்காரர்கள் எல்லோரும் என்னிடம்தான் கேட்கிறார்கள். எயார் ஃப்ளோ சென்சர் பெரும்பாலும் பழுதாவதில்லை, அழுக்காகிறது. எயார் கிளீனர் பெட்டிக்கு அருகில் இரண்டு ஸ்குரூவில் இருக்கும். ஜப்பான் ஸ்குரூவுக்குச் சாதாரண நட்சத்திரத் திருப்பி வழுக்கித் தலையைத் தின்னும், பொருத்தமானதை எடுங்கள். உள்ளே தலைமயிரைவிட மெல்லிய கம்பி, விரலோ துணியோ படக் கூடாது, அதற்கென்று விற்கும் கிளீனரை அடித்து நன்றாகக் காயவிட்டுப் பூட்ட வேண்டும். காபரேற்றர் கிளீனர் அடித்துக் கெடுத்தவர்களை எனக்குத் தெரியும்.

எஞ்சின் சுழல்வதைக் கம்ப்யூட்டருக்குச் சொல்லும் கிராங் சென்சர் வேறு மாதிரி. என் மச்சாளின் வான் காலி வீதியில் பம்பலப்பிட்டிச் சந்தியில் பட்டென்று நின்றுவிடும், அரை மணித்தியாலம் ஆறினால் ஒன்றுமே நடக்காதது போல ஸ்டார்ட் ஆகும். பெற்றோல் பம்ப் என்று சொல்லி மாற்றினார்கள், திரும்பவும் நின்றது. நின்ற நேரத்தில் சாவியைத் திருப்பும்போது எஞ்சின் சுழலும் வேகத்தைக் காட்டும் ஆர்பிஎம் முள் கொஞ்சமும் அசையாமல் கிடந்தால், அல்லது ஸ்கேனரில் ஆர்பிஎம் பூச்சியமாக இருந்தால், கிராங் சென்சரையும் அதன் வயரையும் முதலில் பாருங்கள். சூட்டில் உள்ளே கம்பிச்சுருள் விட்டுப்போய், ஆறியதும் திரும்பச் சேர்வதுதான் காரணம். குளிர்ந்திருக்கும்போது அளந்தால் சரியாகவே காட்டும், அதனால் சூட்டோடு பார்க்க வேண்டும். மச்சாளின் வானில் அதுதான் இருந்தது. இதை ஒத்திப்போடாதீர்கள், கடுகண்ணாவை ஏற்றத்தில் பின்னால் பஸ் வரும்போது எஞ்சின் நின்றால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள்.

ஒக்சிஜன் சென்சர் உண்மையிலேயே போவதும் உண்டு, இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. சாதாரண வகை என்றால் எஞ்சின் சூடான பிறகு அதன் வோல்ட் 0.1-க்கும் 0.9-க்கும் இடையில் விடாமல் ஏறி இறங்க வேண்டும், ஒரே இடத்தில் படுத்துக் கிடந்தால் சந்தேகப்படலாம். உள்ளே இருக்கும் சூடாக்கும் கம்பி அறுந்தால் பி0135 வரும், அதை ஓமில் அளந்தே சொல்லிவிடலாம். கழற்ற 22 மில்லிமீற்றர் ஸ்பனர், முதல் நாள் இரவே துரு இளக்கும் எண்ணெய் அடித்து வையுங்கள், அப்படியும் அசையாவிட்டால் பலவந்தம் பண்ணாமல் தெரிந்தவரிடம் விடுங்கள். டொயோட்டாவில் 89465 என்று தொடங்குவது ஒக்சிஜன் சென்சர், 89467 என்று தொடங்குவது அதே இடத்தில் வேறு விதமாக அளக்கும் எயார் ஃபியூவல் சென்சர். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோல இருக்கும், ஒன்றுக்குப் பதில் மற்றதைப் பூட்ட முடியாது. பூட்டினால் விளக்கு அணையவே அணையாது, பிறகு கம்ப்யூட்டர் பெட்டி பழுது என்று ஆரம்பிப்பார்கள்.

அப்புறம் எலி. தொடர்மாடிக் கீழ்த்தளங்களில் கார் நிறுத்துகிறவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. சென்சர் பழுது என்று சொல்லப்பட்ட ஒரு கார், எங்கள் பக்கத்து வீட்டாருடையது, பார்த்தால் எஞ்சின் தட்டுவதை உணரும் நொக் சென்சரின் வயரை எலி கடித்திருக்கிறது. வயரை முறுக்கி டேப் சுற்றிவிட்டால் சில மாதத்தில் ஈரம் ஏறித் திரும்பவும் விளக்கு வரும், ஈயம் வைத்து ஒட்டி, சூட்டில் சுருங்கும் குழாயைப் போட வேண்டும்.

எல்லாவற்றையும் வீட்டில் செய்யலாம் என்று நான் சொல்லவில்லை. எயார் பேக், பிரேக்கின் ஏபிஎஸ் பக்கம் போகவே கூடாது. பிரியஸ், அக்குவா போன்ற ஹைபிரிட் கார்களில் செம்மஞ்சள் நிற வயரைத் தொட வேண்டாம், அதில் உயிரை எடுக்கும் மின்சாரம் ஓடுகிறது. ஜாக்கை மட்டும் நம்பிக் காரின் கீழே படுக்காதீர்கள். பெற்றோல் குழாயைக் கழற்றும் எந்த வேலையும் வீட்டு வாசலில் வேண்டாம். இந்த எல்லைக்குள் மிஞ்சுவது தண்ணீர்ச் சூட்டுச் சென்சர், எயார் ஃப்ளோ, கேம் தண்டு சுழல்வதைப் பார்க்கும் கேம் சென்சர், சில கார்களில் கிராங், கைக்கு எட்டும் ஒக்சிஜன் சென்சர். நானே செய்யக்கூடிய வேலைகள் இவை, எனக்கு முன்பு ஒரு ஸ்பனரின் அளவுகூடத் தெரியாது.

மெக்கானிக் வேலை செய்கிறவர்கள் மேல் எனக்குப் பொதுவாக ஒரு கோபமும் இல்லை, அதையும் எழுத வேண்டும். வெயிலில், எண்ணெயில், ஒரு நாள் முழுக்கக் குனிந்து நிற்கும் வேலை அது. எங்களிலும் பிழை இருக்கிறது. ஒரு மணித்தியாலம் இருந்து அளந்து பார்த்து, “சென்சர் நல்லது, சொக்கெட் அழுக்கு, துடைத்துவிட்டேன், 3,000 ரூபா தாருங்கள்” என்று ஒருவர் சொன்னால் நாங்கள் என்ன சொல்கிறோம்? துடைத்ததற்கு 3,000-ஆ என்று சண்டை பிடிக்கிறோம். அதே ஆள் ஒரு பெட்டியைக் காட்டி 38,000 கேட்டால் பேசாமல் கொடுக்கிறோம். சோதிப்பதற்குக் காசு கொடுக்க நாங்கள் பழகினால்தான் சோதித்துப் பார்க்கும் பழக்கம் காராஜ்களில் வரும். நான் இப்போது போகும் இடத்தில் முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பார்க்கிறதுக்கு எவ்வளவு என்று சொல்லுங்கள், தனியாகத் தருகிறேன், மாற்றுவதைப் பிறகு கதைப்போம் என்று.

ஆனால் அவர்களிடம் கேட்க வேண்டியதைக் கேட்கவும் வேண்டும். கோட் நம்பரைப் பில்லில் எழுதித் தாருங்கள். மாற்ற முன் என்ன அளந்தீர்கள், எவ்வளவு வந்தது என்று எழுதுங்கள். கழற்றிய சாமானை என் கையில் தாருங்கள். நாங்கள் காசு கொடுத்து வாங்கிய காரின் துண்டு அது, அதை எறிய அவர்களுக்கு உரிமை இல்லை. கேட்டால் பற்றுச்சீட்டுக் கொடுக்க வேண்டும் என்று 2003-ம் ஆண்டின் 9-ம் இலக்க நுகர்வோர் சட்டமே சொல்கிறது, மறுத்தால் நுகர்வோர் விவகார அதிகாரசபையை 1977 என்ற தொலைபேசி இலக்கத்தில் அழைக்கலாம். அன்று எனக்கு இது ஒன்றும் தெரியாது. தெரிந்திருந்தால் “சென்சர் 1” என்ற பில்லோடு வீட்டுக்கு வந்திருக்க மாட்டேன்.

இன்னொன்றும் இருக்கிறது ஆசிரியர் அவர்களே. காராஜில் கதைப்பது சிங்களத்தில், ஸ்கேனரில் வருவது ஆங்கிலத்தில், காரோடு வந்த புத்தகம் ஜப்பான் மொழியில். கணவரோ தம்பியோ கூட இல்லாமல் தனியாகப் போகும் ஒரு தமிழ்ப் பெண் அந்த இடத்தில் எதைக் கேட்பாள்? தலையை ஆட்டிவிட்டுக் காசை எடுப்பாள், நான் செய்தது அதுதான். கீழ் வீட்டு ஐயா தமிழில் விளங்கப்படுத்திய அந்த அரை மணித்தியாலத்தில் எனக்கு விளங்கியது, அதுவரை மூன்று மாதமாக ஒருவரும் விளங்கப்படுத்த முயலவே இல்லை. உங்கள் ஞாயிறு இதழில் சோதிடத்துக்கு ஒரு பக்கம் வருகிறது, சமையலுக்கு ஒரு பக்கம் வருகிறது. வாகனத்துக்கு, புது மொடல் விளம்பரத்துக்கு இல்லாமல் இருக்கிற காரைப் பார்த்துக்கொள்வதற்கு, அரைப் பக்கம் ஒதுக்க முடியுமா? எழுதுவதற்கு ஐயா போல ஓய்வுபெற்ற அனுபவசாலிகள் கொழும்பிலும் மலையகத்திலும் யாழ்ப்பாணத்திலும் இருக்கிறார்கள், கேட்டால் சந்தோசமாக எழுதுவார்கள். இந்தக் கடிதத்தில் உள்ள எண்களை அவரிடம் காட்டிச் சரிபார்த்துத்தான் அனுப்புகிறேன். அவர் ஒன்றை மட்டும் சேர்க்கச் சொன்னார், ஓம் அளவுகள் நான் எழுதியது டொயோட்டாவுக்கு, வேறு கம்பெனிக் கார் வைத்திருப்பவர்கள் தங்கள் காருக்குரிய அளவைப் பார்த்துவிட்டு அளக்கவும்.

இப்படிக்கு,
வெள்ளவத்தை வாசகி ஒருத்தி